வால்யூம் குமிழில் வைத்த சிவப்புப் புள்ளி

நான் ஒரு பொய் சொன்னேன். எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில், ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியின் டாக்டர் அறையில், மூன்று பேர் முன்னால் சொன்னேன். ஒரே வரிதான். அதனால் அங்கே வேலை பார்த்த ஆயா வேலையை இழந்தார். ஒரு சாவுக்குக் காரணம் என்ற பெயரும் அவர் மேல் விழுந்தது. அந்தச் சாவுக்குக் காரணம் நான்தான். அது எனக்கு அந்த வரியைச் சொல்லும்போதே தெரியும்.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துவந்தேன். கோலியனூர் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. அந்த நாளில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரோ ஆம்ப்ளிஃபயரோ கெட்டுப்போனால் என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

திண்டிவனம் டாக்டரம்மா எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். அவருடைய ஆஸ்பத்திரி ஒரு நீண்ட ஓட்டு வீடு. முன்பக்கம் டியூட்டி ரூம். நடுவில் முற்றம். பிரசவமான பெண்கள் படுத்திருக்கும் அறை பின்கோடியில். அங்கிருந்து கூப்பிட்டால் முன்னால் கேட்காது. "ஒரு காலிங் பெல் போட்டுக் கொடுங்க சார், போதும்" என்றுதான் டாக்டரம்மா கேட்டார். நான்தான், "பெல் அடிச்சா யாரோ கூப்பிடறாங்கன்னு மட்டும்தான் தெரியும். மைக் வெச்சா என்ன வேணும்னே கேட்கும்" என்றேன். பெல் போட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சின்ன மைக். டியூட்டி ரூமில் ஒரு மரப்பெட்டி, அதில் ஸ்பீக்கர், வால்யூம் குமிழ். பெட்டிக்குள்ளே மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்குவது ஆப்-ஆம்ப் என்ற ஒரு சில்லு. எட்டுக் கால்களுடன் கருப்பாக, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அப்போது வகுப்பில் நான் தினமும் வரைந்துகொண்டிருந்த பொருள் அதுதான். பலகையில் அது ஒரு முக்கோணம். இரண்டு கோடு உள்ளே, ஒரு கோடு வெளியே. பாடப்புத்தகத்து ஆப்-ஆம்ப் எந்தக் குறையும் இல்லாதது. கொடுப்பதை மட்டும் பெருக்கும், கொடுக்காததை வாங்கிக்கொள்ளாது. நிஜமான ஆப்-ஆம்ப் அப்படி இல்லை. அது தன் உள்கோட்டில் தொங்கும் கம்பியில் என்னென்ன வருகிறதோ அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். தயாரித்தவர்கள் கொடுக்கும் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதற்கான எச்சரிக்கைகள் இருக்கும். பவர் வரும் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டர் வை. நீண்ட கம்பி என்றால் மேலே வலை போர்த்திய ஷீல்டு வயர் போடு. அந்த வலையை ஒரே இடத்தில் மட்டும் கிரவுண்டு செய். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரும், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு டிஸ்க் கெப்பாசிட்டரும் போடு, ரேடியோ அலை அங்கேயே வடிந்துவிடும். நான் அந்தப் பக்கங்களைப் படித்திருந்தேன். விழுப்புரத்தில் என் மேசை மேல், ஒரு முழக் கம்பியில் சர்க்யூட் நன்றாக வேலை செய்தது. அது போதும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சுவரோரமாக நாற்பதடிக்குச் சாதாரண ஃபேன் வயரை இழுத்து ஆணி அடித்துவிட்டு வந்தேன். அது அந்த ஊரிலேயே நல்ல ஏரியலாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா ஆள் சொல்லி அனுப்பினார். நான் போன நேரத்தில் அவர் பிரசவ அறையில் இருந்தார். டியூட்டி ரூமில் ஆயா மட்டும் இருந்தார். முப்பது வயது இருக்கும். பெருமுக்கல் பக்கத்துக் காலனியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. இப்போது எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். அன்று நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

"சார், உங்க பொட்டில பேய் பூந்துக்கினுது சார்."

"என்ன பண்ணுது?"

"பாடுது. மத்தியானத்துல சினிமாப் பாட்டு. அதுக்கு முன்னாடி ஒரு ஆளு மல்லாட்டைக்கு எப்போ மருந்தடிக்கணும்னு சொல்றான். எனக்கு நெலமா இருக்குது, என்கிட்ட சொல்றான்?"

வேர்க்கடலைக்கு மருந்தடிக்கச் சொல்லும் பேயை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சிரிக்கிறீங்க. டாக்டரம்மா நான் டிரான்சிஸ்டர ஒளிச்சி வெச்சிக்கினு பாட்டு கேக்குறேன்றாங்க. என் பைய கீழ கொட்டிப் பாத்துட்டாங்க சார். சோத்து டப்பாவக்கூட தொறந்து பாத்தாங்க."

ஸ்பீக்கரில் அப்போது ஒரு பெண் குரல் காதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. பின்னறையில் ஒரு குழந்தை அழுவதும் அதனூடே கேட்டது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்பதடிக் கம்பி ரேடியோ அலையை வாங்குகிறது. ஆப்-ஆம்ப்பின் முதல் வாசலிலேயே அலையிலிருந்து பாட்டு பிரிந்து உள்ளே போகிறது. அந்த ரெசிஸ்டரும் டிஸ்க் கெப்பாசிட்டரும் விழுப்புரத்தில் என் மேசை டிராயரில் கிடந்தன. பையில் எடுத்துவரவில்லை.

குமிழை மெல்லத் திருப்பினேன். பாட்டு கேட்காத அளவுக்குக் குறைந்ததும் நிறுத்தினேன். பிறகு பையிலிருந்து சின்ன நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்தேன். சரிசெய்து வைத்த திருகு அசையாமலிருக்க அதன் மேல் ஒரு சொட்டு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். ரத்தச் சிவப்பு நிறம். கல்லூரியில்கூட இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

ஆயா வாயைப் பொத்திக்கொண்டார். "என்னா சார், பொம்பள மாதிரி நகப்பாலிஷெல்லாம் வெச்சிக்கினு சுத்துறீங்க! வூட்ல அம்மாவுக்குத் தெரியுமா?"

"இது மெஷினுக்கு" என்று சொல்லி, குமிழ் நின்ற இடத்துக்கு நேராக ஒரு புள்ளி வைத்தேன். "இங்க பார், இந்தப் புள்ளி. பாட்டு வர்ற நேரத்துல குமிழை இதுவரைக்கும் குறைச்சிடு. பாட்டு நின்னதும் ஏத்திடு. வியாழக்கிழமை வந்து நான் சரி பண்ணிடறேன்."

"கொறச்சா உள்ள கூப்புடறது கேக்குமா?"

நல்ல கேள்வி. கேட்டவர் ஆயா, நான் இல்லை. பின்னறைக்குப் போய் மைக்குக்குக் கீழே நின்று, "ஹலோ, கேக்குதா?" என்றேன். "கேக்குது சார்!" என்று முற்றத்தைத் தாண்டிப் பதில் வந்தது. அறுபது பேர் உட்காரும் வகுப்பில் கடைசி பெஞ்சு வரை போகும் குரல் என்னுடையது. நேற்றுப் பிள்ளை பெற்று, ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தியின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கருவியை அதற்கு வரக்கூடிய மிகச் சிறிய சத்தத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இதை நான் பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "என்ன சார், ரிப்பேரா?"

"ஒண்ணுமில்லை டாக்டர், சின்ன அட்ஜஸ்ட்மென்ட். சரியாயிடுச்சு."

என் சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயாவை ஏன் சந்தேகப்பட்டீர்கள் என்றும் கேட்கவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. செய்முறைத் தேர்வுகள் வந்தன. அடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் டாக்டரம்மாவிடமிருந்து கல்லூரிக்கு போன் வந்தது. உடனே வரச் சொன்னார்.

முந்தின நாள் மத்தியானம் நடந்ததை அந்த அறையில்தான் கேட்டேன். பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரின் மனைவிக்கு அதற்கு முந்தின நாள் பெண் குழந்தை பிறந்திருந்தது. துணைக்கு இருந்த அக்கா வெந்நீர் வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியபோது ஆயாவிடம், "கூப்ட்டா கேக்கும்ல?" என்று கேட்டிருக்கிறார். "மைக் இருக்குது, நீ போயிட்டு வா" என்று ஆயா சொல்லியிருக்கிறார். அது பாட்டு நேரம். குமிழ் புள்ளியில் இருந்தது. அக்கா கடையில் வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் படுக்கை நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்போதும் நினைவு இருந்தது. "கூப்ட்டேன்க்கா. ரொம்ப நேரமா கூப்ட்டேன்" என்றிருக்கிறாள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் கணவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். என்னைவிடச் சின்ன வயது. ஆயா சுவரில் சாய்ந்து நின்றார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. மேசை மேல் என் பெட்டி இருந்தது. குமிழ் சரியாகச் சிவப்புப் புள்ளியில் நின்றிருந்தது.

"சார், இந்தப் புள்ளி என்ன?" என்றார் டாக்டரம்மா.

"சார்தான் வெச்சாரு" என்றார் ஆயா. "பாட்டு வந்தா இதுவரிக்கும் கொறன்னு சார்தான் சொன்னாரு. சொல்லுங்க சார்."

அவர் குரலில் பயம் இல்லை. நான் வந்துவிட்டேன், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியதுபோல் என்னைப் பார்த்தார்.

"நான் வைக்கலை டாக்டர்" என்றேன்.

அதுதான் அந்த வரி. அதைச் சொல்ல நான் திட்டமிட்டு வரவில்லை. கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு நிறைய நேரம் இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

"சார்!" என்றார் ஆயா. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "அந்த நகப்பாலிஷு அவரு பையிலதாம்மா இருக்குது. செவப்பு பாட்டிலு. தொறந்து பாருங்க. பையத் தொறங்கம்மா."

பை என் மடியில் இருந்தது. பாட்டில் அதன் பக்கவாட்டு அறையில் இருந்தது. என் கை தானாக அதன் மேல் போனது.

"வாயை மூடு" என்றார் டாக்டரம்மா. "சார் பையை நான் சோதனை போடறதா? தூங்கறதுக்கு வசதியா நீயே அடையாளம் வெச்சிக்கிட்டு, பழியைப் படிச்ச மனுஷன் மேல போடறியா?"

மூன்று வாரத்துக்கு முன் அதே டாக்டரம்மா ஆயாவின் சோற்று டப்பாவைத் திறந்து பார்த்திருந்தார். என் பையை யாரும் திறக்கவில்லை. கணவர்கூடக் கேட்கவில்லை. ஆயா என் கையை, பை மேல் இருந்த என் கையை, பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரை அனுப்பிய பிறகு பெட்டியைத் திறந்தேன். ரெசிஸ்டரும் டிஸ்க் கெப்பாசிட்டரும் அன்று மறக்காமல் எடுத்துவந்திருந்தேன். சால்டரிங் அயர்ன் சூடாக எடுத்த நேரத்தைவிட வேலைக்குக் குறைந்த நேரமே ஆனது. பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, குமிழை முழுக்கத் திருப்பினேன். பாட்டு வரவில்லை. பின்னறையில் யாரோ புரண்டு படுத்தார்கள். கட்டில் முனகியது கேட்டது. சிவப்புப் புள்ளியைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு மத்தியானங்கள் எனக்குக் கெட்டுப்போயின. விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ரேடியோ பாடினால் பாட்டுக்கு அடியில் வேறு ஏதோ இருப்பதுபோல் காது கூர்ந்துவிடும். யாரோ மெல்லிய குரலில், கோபமில்லாமல், திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுபோல் இருக்கும். வீட்டில் ரேடியோவை விற்றுவிட்டேன். மனைவி ஏன் என்று கேட்டாள், கரகரக்கிறது என்றேன். வகுப்பில் முக்கோணம் வரையும்போது சாக்பீஸ் உள்கோட்டில் நின்றுவிடும். நகப்பாலிஷ் பாட்டிலைத் தூக்கி எறியவும் முடியவில்லை. அது டிராயரில் கிடந்து கெட்டியாகிக்கொண்டிருந்தது.

ஏழு வருஷம் போயிற்று. ஒரு நாள் லேபில் கடைசி வருஷ மாணவன் ஒருவன் செய்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து பாட்டு வந்தது. ரேடியோ எதுவும் இல்லை. மேசை மேல் பரப்பிய கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் பாடியது. மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். செய்தவன் மட்டும் வெட்கத்துடன், "வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா தெரியாது சார். அப்படியே எக்ஸாமினர்கிட்ட காட்டிடலாமா?" என்றான். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, விசாரித்தபடி பெருமுக்கல் போனேன். ஆயா ஒரு கொட்டகையில் இன்னும் சில பெண்களோடு உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வேலை பிறகு எங்கும் கிடைக்கவில்லை என்று வழியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்கவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்றேன்.

"'நீங்க, வாங்க'ன்றீங்க. புதுசா கீது."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். புள்ளி நான் வைத்தது, பாட்டில் பையில் இருந்தது, பொய் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் கை நிற்கவில்லை. ஓடு உடைபடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"இத எதுக்கு சார் என்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார், நான் முடித்ததும். "எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். தெரியாதவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

எங்கள் கல்லூரி லேபில் ஓர் உதவியாளர் வேலைக்கு ஏற்பாடு செய்ய முடியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏன், தெனமும் என்னப் பாத்துக்கினு இருந்தா உங்க நெஞ்சு அடங்குமா? அதுக்கு நான் விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸேறி வரணுமா?"

அதற்கும் சிரிப்பு எழுந்தது. இந்த முறை அவரும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை.

நேராகத் திண்டிவனம் போய், டாக்டரம்மாவின் மேசை மேல் அந்தப் பாட்டிலை வைத்தேன். எழுந்து கதவைச் சாத்தினார். நான் சொல்லி முடிக்கும்வரை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க கை பை மேல போனதை நானும் பார்த்தேன்" என்றார். "இப்ப எதுக்கு சார் இது? ஆஸ்பத்திரி பேரு கெட்டுப்போகும். எடுத்துட்டுப் போங்க."

ஆயா மேல் தவறில்லை என்று எழுதித் தரக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். நானே ஒரு தாளில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவரிடம் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அந்தக் கணவரின் கிராமத்துக்குப் போனேன்.

அவர் களத்தில் இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழு வயதுப் பெண் ஒன்று வரப்பில் நின்று என்னைப் பார்த்தது. தாளைப் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. அவர் அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பளைய நான் செருப்பால அடிச்சேன் சார்" என்றார். "எம் பொண்ணுகிட்ட, உங்கம்மாவ ஒரு ஆயாதான் கொன்னான்னு சொல்லி வளத்துக்கினு இருக்கேன். இப்ப நான் என்னா பண்றது? சொல்லுங்க, நான் இப்ப என்னா பண்றது?"

என் சுமையைக் கொண்டுபோய் அவர் தலையில் பாதி இறக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "எந்திரிச்சுப் போங்க" என்றார். வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததை அவரே ஒரு முறை விழுப்புரத்துக்கு வந்து, கல்லூரி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். ஆயா அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பிடி மல்லாட்டைப் பருப்பைக் கையில் கொடுத்திருக்கிறார். அன்று பாண்டிச்சேரி போன காரில் அவள் அம்மாவின் தலை ஆயாவின் மடியில்தான் இருந்ததாம். அது எனக்கு அதுவரை தெரியாது. கணவருக்குத் தெரியும், ஆனால் அவர் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. "புள்ள பால் குடிச்சுதான்னு கேட்டா. குடிச்சுதுன்னேன். அப்பறம் கண்ண மூடிக்கினா" என்று ஆயா அந்தச் சிறுமியிடம் சொல்லியிருக்கிறார். குழந்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டதாம். அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது அங்கே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என்றார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாங்களாம்" என்றார் அவர். "போவ மாட்டேன்னுட்டாங்க."

போகத் திரும்பியவர் நின்றார்.

"உங்களுக்கும் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சார். நீங்க மறுபடி அங்க வந்தா, அவங்க வேலைய வுட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்களாம். கூலி போயிடும், அதனால வராதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

நான் போகவில்லை. ஆயாவுக்காக நான் செய்தவற்றில் அவர் கேட்டபடியே செய்தது இதுவும், தெரியாதவர்களிடம் போய்ச் சொன்னதும்தான். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் முக்கோணம் வரைவதற்கு முன்னால் அந்த ரெசிஸ்டரையும் டிஸ்க் கெப்பாசிட்டரையும் முதலில் வரைந்தேன். லேபில் மைக் வைத்துச் சோதிக்கும்போது கடைசி பெஞ்சில் ஒருவனைப் படுக்கச் சொல்லி, முடிந்த அளவு மெதுவாகக் கூப்பிடச் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி கூப்பிடச் சொல்வேன்.